ரெண்டுக்கு ரெண்டு

அருள், இதை உட்கார்ந்து படி. கேன்டீனில் ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு படிக்காதே. நீளமாக எதையாவது பார்த்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விஷயத்தை உருவிக்கொள்ளும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இன்றைக்கு மட்டும் அதை விட்டுவிடு. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இந்த வீட்டில் போன் என்பது ஒரு பொதுக்கூட்டம். நான் "ஹலோ" சொன்னதும் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடுகிறாள், உன் லூர்து அத்தை டிவி சத்தத்தைக் குறைக்கிறாள், மாடி வீட்டுக்காரர் படியில் இறங்குவதை நிறுத்திவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினாலோ "ரிப்போர்ட்டை அனுப்புங்கப்பா" என்று ஒரே வரியில் பதில் போடுவாய். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் உனக்குப் பாதிதான் புரியும். அந்த எண்களை நம் குடும்பம் எப்படிப் படித்தது என்பதுதான் மீதிப் பாதி. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. வம்பு பேசியே வாழ்ந்தவன் நான். இந்தத் தடவை வம்பு என்னைப் பற்றியே என்பதால் கூடுதல் கவனத்தோடு சொல்கிறேன்.

கணையம் என்று ஒன்று எனக்குள் இருப்பதை ஐம்பத்தாறு வயதுவரை நான் கவனித்ததே இல்லை. என்னோடு ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த சில பேரைப் போல அது. ரிடையர்மென்ட் பார்ட்டியில் மாலை போடும்போதுதான் இப்படி ஒருவர் அந்த மூலையில் இருந்தாரா என்று தெரியவரும். கண் மஞ்சளானபோது உன் அத்தை கீழாநெல்லி அரைத்தாள். முதுகு வலித்தபோது நான் ஸ்கூட்டரைக் குற்றம் சொன்னேன். பேன்ட் தொளதொளத்தபோது, சொன்னால் சிரிப்பாய், நடைப்பயிற்சி பலன் தருகிறது என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்தேன். அப்புறம் ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சதைத்துணுக்கு, பித்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்கிற சிறு குழாய், எல்லாம் நீ பூனேயிலிருந்து ஓடி வந்து கூடவே இருந்து பார்த்தவைதான். ஈரலிலும் புள்ளிகள் இருக்கின்றன, ஆபரேஷன் கிடையாது, கீமோதான் என்று சொன்னதுவரை உனக்குத் தெரியும். "அட்வான்ஸ்டு ஸ்டேஜ்" என்று டாக்டர் சொன்ன அன்று உன் அத்தை முகத்தை நீ கவனித்தாயா? நம் ஊரில் அட்வான்ஸ்டு என்றால் நல்ல சொல். டியூஷன் சென்டர் போர்டில் போடுவார்கள். முன்னேறிய நிலை என்றால் முன்னேற்றம்தானே என்பது போல அவள் தலையாட்டினாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நீ பூனேக்குத் திரும்பிப்போன பிறகுதான் கதையே ஆரம்பம். கீமோ தொடங்குவதற்கு முன் ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். தில்லை நகரில் அந்த டாக்டரின் அறைக்குள் நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்று விதி. உன் அம்மா உள்ளே வந்தாள். உன் அத்தை விதியை மதித்து வெளியே நின்றாள். அதாவது கதவைச் சாத்த விடாமல் ஒரு காலை உள்ளேயும் தலையை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சின்னப் பெண். நீ கட்டப்போகிற ஜெசியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நிதானமாகப் பேசுகிறவர். "சார், உங்க ரத்தத்துல அழற்சிக்கு ரெண்டு மார்க்கர் பாத்தோம். சிஆர்பின்னு ஒண்ணு, அது அதிகமா இருக்கு. அதுக்கு ஒரு பாயின்ட். ஆல்புமின்னு ஒரு புரதம், அது கொறஞ்சிருக்கு. அதுக்கு ஒரு பாயின்ட். மொத்த ஸ்கோர் ரெண்டு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் யாரைக் கேட்கிறது? "எத்தனைக்குங்க டாக்டர்?" என்றேன். அவர், "ரெண்டுக்கு ரெண்டுதான் சார்" என்றார்.

கதவில் இருந்த கால் மறைந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. டாக்டர் சொல்லிக்கொண்டிருந்ததில் இருந்தேன். சைபர் வாங்குகிறவர்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள் என்றார். ரெண்டு வாங்கினவர்களுக்குக் கீமோவைத் தாங்குவதும் கஷ்டம், அதன் பலன் கிடைப்பதும் குறைவு. "இது பல பேரைச் சேர்த்துப் பாத்து சொல்ற கணக்கு சார். உங்க ஒருத்தருக்கு இது தீர்ப்பு இல்ல. ஆனா மனசுல வச்சுக்கணும்" என்றார். வெள்ளை அணுக்களிலும் ஒரு விகிதம் பார்த்தார்களாம். எனக்குப் புரியும்படி நான் அதை இப்படி மாற்றிக்கொண்டேன். சமயபுரம் தேருக்குப் போயிருக்கிறாயே, அங்கே விசில் ஊதிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளுகிற தொண்டர்கள் ஒரு வகை, மஃப்டியில் நின்று திருடனை அடையாளம் பார்க்கிற போலீஸ் ஒரு வகை. என் ரத்தத்தில் விசில்காரர்கள் பெருகிவிட்டார்கள், மஃப்டிக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். ஊதுகிற சத்தத்தில் திருடன் நிதானமாகத் தன் வேலையைப் பார்க்கிறான். போதாததற்கு அந்தக் கலவரமே அவனுக்குத் தீனியாம். இதைச் சொன்னபோது டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "கிட்டத்தட்ட சரி சார்" என்றவர், சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "பையன் எங்க இருக்கார்?" பூனே என்றேன். "அடிக்கடி வருவாரா?" ஒரு டாக்டர் உன் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று விசாரித்தால் அது குசலம் இல்லை, அருள். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

வெளியே வந்தால் உன் அத்தை வராந்தாவில் கண்ணீரும் சிரிப்புமாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். உனக்கு அவளைப் பற்றித் தெரியும். சர்வீஸ் முழுக்கக் கணக்கு டீச்சர். விடை சரியாக இருந்தாலும் கோடு வளைந்திருக்கிறது என்று அரை மார்க் குறைத்தவள். உன் பத்தாம் வகுப்பு விடைத்தாளைக்கூட வாங்கிப் பார்த்து, "இவனுக்கு இதுவே தாராளம்" என்றவள். அப்படிப்பட்டவள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஆமா ஸ்டெல்லா, மார்க்கு அதிகமாம். ரெண்டுக்கு ரெண்டு! ஃபுல் மார்க்! டாக்டரம்மா வாயால சொன்னாங்க, என் காதால கேட்டேன். மாதா கண் தொறந்துட்டாங்கடி!" நாங்கள் ஆட்டோ பிடித்துப் பொன்மலை வந்து சேர்வதற்குள் நம் பங்குக் கோயில்காரர்களில் பாதிப் பேருக்குச் சேதி போய்விட்டது. கோயிலில் நன்றி மெழுகுவர்த்தி எரிகிறது. பக்கத்து வீட்டில் கேசரி கிளறுகிறார்கள், எனக்காக, கேசரி சாப்பிட முடியாத எனக்காக. மணப்பாறையிலிருந்து உன் வருங்கால மாமனார் கூப்பிடுகிறார்: "சம்பந்தி! கேள்விப்பட்டோம். வயித்துல பால் வார்த்தீங்க. இனிமே என்ன அவசரம்? ஈஸ்டர் முடியட்டும், நல்ல மண்டபமாப் பாத்து ஜாம்ஜாம்னு செஞ்சிருவோம்." உன் கல்யாணத் தேதி அப்படித்தான் முடிவாயிற்று, மகனே. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவானது என்று உன்னிடம் சொன்னோம். உண்மையில் அது உன் அத்தையின் காதில் முடிவானது.

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "இன்னிக்கு மட்டும் விட்டுருங்க. எல்லாரும் சிரிச்சு எத்தனை நாளாச்சு" என்றாள். விட்டுவிட்டேன். மறுநாள் மணப்பாறையிலிருந்து முறுக்கு டின்னோடு ஆள் வந்துவிட்டது. முறுக்கைக் கொண்டுவந்தவரிடம் எப்படிச் சொல்வது? அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஒரு பொய்யை நாம் சொல்லியிருந்தால் எந்த இடத்தில் திருப்பிக்கொள்வது என்று தெரியும். இதுவோ நாம் சொல்லாத பொய், மற்றவர்கள் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்த பொய். அதை எந்த வாசலில் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. நீ ஒருநாள் கேட்டாய்: "அப்பா, ஏதோ ஸ்கோர் பாத்தாங்கன்னு அத்தை சொன்னாங்களே, எவ்வளவு?" நான் சொன்னேன்: "ரெண்டுக்கு ரெண்டுடா." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீ "சூப்பர்ப்பா" என்றாய். உன் அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

டாக்டரும் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்த இடத்தில் கிருமி சேர்ந்தாலும் சிஆர்பி ஏறுமாம். அதனால் ஆன்டிபயாடிக் கொடுத்து, காய்ச்சல் எல்லாம் அடங்கின பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார். கொஞ்சம் இறங்கியது. நானும் உன் அம்மாவும் அன்றைக்கு ரகசியமாக இட்லி சாப்பிட ஹோட்டலுக்குப் போனோம், காதலர்கள் மாதிரி. ஆனால் கொஞ்சம்தான் இறங்கியது; பிறகு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கிருமி போய்விட்டது, கலவரம் போகவில்லை. அப்படியென்றால் கலவரத்தைக் கிளப்புவது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மருந்தின் அளவைக் குறைத்துக் கீமோவை ஆரம்பித்தார்கள்.

கீமோவைப் பற்றி உனக்குப் போனில் சொன்னதெல்லாம் ஜோக்குகள். ஜோக்குகளும் உண்மைதான், ஆனால் பொறுக்கி எடுத்தவை. இடுப்பில் ஒரு சின்ன மருந்துப் பாட்டிலைக் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கண்டக்டர் பை மாதிரி இருக்கிறது. "டிக்கெட், டிக்கெட்" என்று கூடத்தில் நடந்தேன் என்று சொன்னேனே, அது நிஜம். சொல்லாதது என்னவென்றால், அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குளிர்ச்சி ஆகாது. குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் விரலில் கரன்ட் அடிக்கும். உன் அத்தைக்கு அழற்சி என்றால் சூடு. சூட்டுக்கு இளநீர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பிரியமாக ஊட்டினாள். தொண்டைக்குள் கண்ணாடியைப் பொடித்துப் போட்டதுபோல மூச்சு நின்று வந்தது. அவள் பயந்து போய் முதுகைத் தடவிக்கொண்டே, "சூடு எறங்குதுடா, பொறுத்துக்கோ" என்றாள். இப்போதும் ஒரு புத்திமதி சொல்கிறேன், கேட்டுக்கொள்: ஜெசியோ அவள் வீட்டாரோ எதையாவது ஆசையாக நீட்டினால், வாங்குவதற்கு முன் உன்னால் முடியுமா முடியாதா என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடு. பிரியத்தை மறுக்கத் தெரியாதவன் பிரியத்தாலேயே மூச்சு முட்டுவான். இது வேதாகமத்தில் இல்லை; என் தொண்டையில் இருக்கிறது.

தையல்காரரும் ஒருவர் இருக்கிறார். உன் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு கோட்டு. முதல் அளவு எடுத்தபோது, "உள்ள மடிச்சு விட்டிருக்கேன் சார், ஒடம்பு தேறினதும் பிரிச்சுக்கலாம்" என்று உற்சாகமாகச் சொன்னார். போன வாரம் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். தோளில் கோட்டு, ஹேங்கரில் தொங்குவதைப் போலத் தொங்கியது. அவர் வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முதுகுப்பக்கம் குத்தினார். மடித்து விடுவதைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் பேசவில்லை. "ஃபங்ஷன் எப்ப சார்?" என்றார். ஈஸ்டருக்கு அப்புறம் என்றேன். "அதுக்கு இன்னும் நாள் இருக்கே" என்று அவர் சொன்ன தொனியில் எனக்குக் கை சில்லிட்டது. மருந்தே உள்ளே இல்லாத நாள் அது.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் புது ஸ்கேனும் ரத்த ரிப்போர்ட்டும் வந்தன. உன் அம்மா அறைக்குள் வரமாட்டேன் என்று வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். வரதன் உள்ளே வந்தான். ஸ்ரீரங்கம் வரதனைத் தெரியுமல்லவா, என்னோடு ஒரே மேஜையில் இருந்தவன், இன்றைக்கும் ஆபீஸ் வம்புகளுக்கு எனக்கு ஒரே நிருபர். டாக்டர் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பவில்லை. வழக்கமாகத் திருப்புவார். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ஈரலில் புதிதாக ஒரு புள்ளி, சிஆர்பி ஏறுமுகம், ஆல்புமின் இன்னும் கீழே. முதல் சில சுற்றுகளில் இது இறங்கினால் மருந்து பிடிக்கிறது என்று ஒரு நம்பிக்கை வைக்கலாமாம், இறங்கவில்லை. வேறு மருந்து இருக்கிறது, அதையும் இந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம். வேண்டாமென்றால் வலிக்கும் பசிக்கும் மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். "ரெண்டுல எதை எடுத்தாலும் நான் கூட இருப்பேன் சார்" என்றார். நான் நேரே கேட்டேன்: "என் பையனுக்கு ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணம் டாக்டர். கோட்டு தைக்கக் குடுத்திருக்கேன்." அவர் லேப்டாப்பை மூடினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி வைக்க முடியுமான்னு பாருங்க சார்."

வரதன் காரில் ஏறியதும் வீட்டுக்கு விடாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டித் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். பாலத்தில் வழக்கமான நெரிசல். முன்னால் ஒரு டவுன் பஸ் நகரவே மறுத்தது. உன் அம்மா பின்சீட்டில் கண்ணை மூடியிருந்தாள். "கொழந்தைக்கு எப்போ சொல்லப்போறே?" என்றான் வரதன். உனக்கு முப்பது ஆகப்போகிறது, அவனுக்கு நீ இன்னும் குழந்தை. "ஈஸ்டர் முடியட்டும்டா" என்றேன், பழக்கதோஷத்தில். அவன் ஹாரனில் கையை வைத்தான், அடிக்கவில்லை. "ஈஸ்டர் வரும்டா. அது வருஷா வருஷம் வரது. நீ வருவியா?" பின்சீட்டிலிருந்து உன் அம்மாதான் பேசினாள்: "நேரா மணப்பாறைக்குப் போவோமாண்ணே?" வரதன், "இன்னிக்கு வேண்டாம் மன்னி. ஆத்துல ரசம் சாதம் இருக்கு, சாப்ட்டுட்டு மொதல்ல லூர்து டீச்சர்ட்டச் சொல்லுங்கோ. அவா சொன்ன சேதியை அவாதான் வாபஸ் வாங்கணும்" என்றான்.

உன் அத்தையிடம் சொன்னோம். ரெண்டுக்கு ரெண்டு என்றால் என்ன என்று சொன்னோம். அவள் நம்பவில்லை. "தப்பா திருத்தியிருப்பாங்க. ரீவேல்யூவேஷன் போடச் சொல்லு" என்றாள். டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண் பொறுமையாக, "அதைத்தான்மா அப்பவே செஞ்சு பாத்துட்டோம். திரும்பவும் அதே மார்க்குதான்" என்று சொல்லியிருக்கிறார். போனை வைத்தவள், "இத்தனை வருஷத்துல நான் ஒரு பிள்ளைக்கும் கூட மார்க் போட்டதில்லடா. உனக்குப் போய்ப் போட்டுட்டேனே" என்றாள். எனக்கு அவளை ஏதாவது சீண்ட வேண்டும்போல இருந்தது. "கோடு வளைஞ்சிருக்குன்னு அரை மார்க் கொறைச்சிருக்கலாம்ல அக்கா" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவளாகவே நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, "கெளம்புங்க, மணப்பாறைக்கு. நான் வந்து சொல்றேன்" என்றாள். அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை தப்பாக நினைக்கக் கூடாது. காதில் விழுந்ததில் நல்லதை எடுத்துக்கொண்டாள். அண்ணன் தம்பி இல்லாத யாருக்கும் அந்தத் தப்பு வராது.

மணப்பாறையில் நடந்ததைக் கொஞ்சம் கவனமாகப் படி. சம்பந்தி முழுக்கக் கேட்டார். வியாபாரி மனிதர், கேட்டதும் மண்டபக்காரனைத் திட்டுவார், அட்வான்ஸ் போச்சே என்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து வந்து என் பக்கத்தில், என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். தயங்கியது ஜெசியின் அம்மா. "தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க. முன்னாடின்னா அது ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்குள்ள முடிக்கணும். இவ்வளவு அவசரமா வச்சா ஊர்ல என்ன பேசுவாங்க? பொண்ணு வயித்தப் பாத்துல்ல பேசுவாங்க? கல்யாணத்தன்னிக்கிருந்து விரலை மடக்க ஆரம்பிச்சிருவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். நானே இந்தப் பொன்மலையில் எத்தனை அவசரக் கல்யாணங்களுக்கு விரலை மடக்கியிருக்கிறேன்! சம்பந்தி அவரை அதட்டப் போனார். நான் தடுத்தேன். "நீங்க காரணத்தைச் சொல்லிருங்கம்மா. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு முடியல, அதிக நாள் இல்லன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. ரெண்டு மார்க்கு வாங்கினதையும் சேத்துச் சொல்லுங்க. நான் உசுரோட இருக்கறப்பவே என்னை வச்சு ஊர் வாயை அடைக்கலாம், அதுக்கு நான் ரெடி" என்றேன். "உங்களைப் பத்தி அப்படி எப்படிண்ணே வாய்விட்டுச் சொல்றது?" என்று அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவரை கதவோரம் நின்ற ஜெசிதான் முன்னால் வந்தாள். "நான் சொல்லிக்கிறேன்மா. என் ஃப்ரெண்ட்ஸ்க்கு, தெருவுக்கு, எல்லாருக்கும் நானே சொல்லிக்கிறேன்" என்றாள். பிறகு என்னிடம், "ஆனா அருள்கிட்ட நீங்கதான் சொல்லணும் மாமா. இனிமே உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஜோக்கு வேண்டாம்" என்றாள். உனக்கு வாய்த்திருப்பது அப்படிப்பட்ட பெண். நீ எதையும் பூசிமெழுக அவளிடம் முயற்சி செய்யாதே; தேறமாட்டாய்.

ஜெசியின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை மூன்றையும் முறையாக வாசிக்க வேண்டும். ஆயரிடம் அனுமதி வாங்கி ஓலையைக் குறைத்துச் சுருக்கமாக முடித்தால் மறுபடி விரல்கள் மடங்கும். ஒப்புக்கொண்டேன். மூன்று ஞாயிறு பூசைகளில் வாசித்து முடித்தால், செவ்வாய் ஆகாது என்பதால், சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதற்கு வருகிற ஞாயிறே முதல் ஓலை வாசித்தாக வேண்டும்.

நேற்று அதற்காகப் பங்கு அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். நடந்தே போனேன், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். சாமியாருக்கு உதவியாகப் புதிதாக வந்திருக்கிற உபதேசியார் ஓலை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. மணமகன் பெயர் கேட்டார், உன் பெயரைச் சொன்னேன். அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். பேனாவை நிறுத்தாமல், தலையும் நிமிராமல், "இருக்காரா?" என்றார். சாதாரணக் கேள்விதான். இல்லையென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் சேர்த்து எழுத வேண்டும், அதற்காகக் கேட்கிறார். இத்தனை வருஷமாக ஞாயிறு தவறாமல் ஓலை கேட்டவன் நான். எந்தப் பையனுக்கு எந்தப் பெண், எவ்வளவு பொருத்தம், யார் தலையில் யாரைக் கட்டினார்கள் என்று பூசை முடிவதற்குள் பக்கத்து ஆளிடம் கணக்குச் சொல்லிவிடுவேன். அந்த ஒரு சொல் வரும்போது மட்டும் காதைக் கொடுத்ததில்லை. நேற்று அந்த மனிதரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. "இருக்கேங்க. நான்தான்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பெயரை எழுதினார், வெறும் பெயராக.

பங்குத்தந்தை நல்லவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மணமகன் வாயால ஒரு வார்த்தை சொல்லாம நான் வாசிக்க முடியாதுங்களே. தம்பியை சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க" என்றார். எனவே இது உன் முடிவு. உனக்கு வேறு மாதிரிக் கல்யாண ஆசை இருந்திருக்கும். ஆபீஸ் நண்பர்கள், பெரிய மண்டபம், பேண்ட், எல்லாம் போய்விடும். கேள்வியில்லாமல் விட்டுக்கொடு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவது மருந்தைப் போட்டுக்கொண்டு ஈஸ்டர்வரை முயற்சி செய்யுங்கள் என்று நீ சொன்னால் அதையும் செய்து பார்க்கிறேன். டாக்டர் கூட இருப்பேன் என்றிருக்கிறார். ஆனால் என்னைக் கேட்டால், அந்த மருந்தை நம்பி நிற்பதைவிடக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கத்தான் எனக்கு ஆசை. இரண்டு நாளாக முதுகு வலி புது இடத்துக்கு மாறியிருக்கிறது. உன் அம்மா என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிறாள். நான் தூங்குவதுபோல நடிக்கிறேன். எனக்கு நடிப்பு வராது, அவளுக்கும் தெரியும்.

பங்குத்தந்தையின் நம்பரை இதோடு எழுதியிருக்கிறேன். பண்ணுவதாக இருந்தால் ஜெசியிடம் பேசிவிட்டுப் பண்ணு, என்னிடம் பேசிவிட்டு இல்லை. நான் உன்னிடம் பேசினால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து உன் யோசனையைக் கெடுத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் சீக்கிரம் போய் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன். மூன்று ஓலையிலும் என் பெயர் இப்போது இருக்கிறபடியே இருக்க வேண்டும், ஒரு சொல்கூடக் கூடாமல். அதற்கு என்னால் ஆனதை நான் செய்கிறேன். போன் மட்டும் நீ பண்ணு.

அப்பா